சீண்டும் பிள்ளையின் வீட்டுக்குள்

தண்டையார்பேட்டையில் என் வீட்டு மாடியில், ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்கு மாலை நேரத்தில் டியூஷன் நடத்தி வருகிறேன். கொருக்குப்பேட்டை, பழைய வண்ணாரப்பேட்டை, காசிமேடு, வ.உ.சி. நகர் என்று பல பகுதிகளிலிருந்தும், அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளி, மெட்ரிக் பள்ளி என்று பல வகையான பள்ளிகளிலிருந்தும் அவர்கள் வருகிறார்கள். பள்ளி ஆசிரியருக்குப் பிள்ளையின் வீடு அவ்வளவாகத் தெரிவதில்லை. பெற்றோருக்கு வகுப்பறை தெரிவதில்லை. என்னைப் போன்றவர்களுக்கு இரண்டிலும் கொஞ்சம் தெரிந்துவிடுகிறது. மாதக் கட்டணம் கொடுக்க வரும் தாய் வாசற்படியில் நின்று பேசும் பத்து நிமிடத்தில் வீடு தெரியும். கணக்குப் போட்டுக்கொண்டே பிள்ளைகள் தங்களுக்குள் பேசிக்கொள்வதில் பள்ளி தெரியும். இப்படிப் பல ஆண்டுகளாகப் பார்த்ததில் எனக்கு உறுதிப்பட்டுவிட்ட ஒன்றை எழுத வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன். உயர்நிலைப் பள்ளி வயதில் சக மாணவரைத் தொடர்ந்து சீண்டி வதைக்கும் பிள்ளை, பெரும்பாலும் தன் வீட்டில் நாலு பேர் முன்னிலையில் சிறுமைப்படுத்தப்படும் பிள்ளையாகவோ, யாரையாவது சிறுமைப்படுத்துவதே வழக்கமாகிவிட்ட வீட்டில் வளரும் பிள்ளையாகவோ இருக்கிறது. வீட்டில் வாங்கும் அடியைவிட வீட்டில் படும் அவமானம்தான் அப்படியே வகுப்பறைக்குள் வந்து சேர்கிறது என்பது என் எண்ணம்.

இதைச் சொன்னவுடன், "வட சென்னைப் பிள்ளைகள் அப்படித்தானே" என்று தலையாட்டுபவர்கள் உண்டு. எங்கள் பகுதியை முரடர்களின் ஊராகவே காட்டிக் காட்டிப் பழகிவிட்டார்கள். அதில் எனக்குக் கோபம் உண்டு. ஒற்றை அறையில் ஆறு பேர் படுத்தெழுந்தும் ஒருவர் மனம் ஒருவர் நோகாமல் வாழும் குடும்பங்களை இதே தெருக்களில் நான் பார்க்கிறேன். அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறார், அம்மா பாரிமுனைக் கடையில் விற்பனைக்கு நிற்கிறார் என்பதால் எந்தப் பிள்ளையும் அடுத்த பிள்ளையை வதைக்கக் கிளம்பிவிடுவதில்லை. காரில் வந்து இறங்கும் பிள்ளையும் வதைக்கிறது. யுனெஸ்கோ 2019இல் வெளியிட்ட அறிக்கையின்படி, உலக அளவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு மாணவர், முந்தைய ஒரு மாதத்தில் ஒரு முறையாவது சக மாணவர்களால் துன்புறுத்தப்பட்டிருக்கிறார். அத்தனை நாடுகளிலும் உள்ள ஒன்றை எங்கள் பேட்டைகளின் தலையில் கட்டுவது நியாயமில்லை.

எல்லாக் கேலியும் வதை ஆகாது என்பதையும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். பிள்ளைகள் ஒருவரையொருவர் ஓட்டுவார்கள். இன்று இவன் ஓட்டினால் நாளை அவன் ஓட்டுவான். அதில் இருவரும் சிரிப்பார்கள். ஸ்வீடனில் பிறந்து நார்வேயில் பணியாற்றிய உளவியலாளர் டான் ஓல்வேயஸ், இந்தத் துறையில் முதன்முதலாக விரிவான ஆய்வுகள் செய்தவர்களில் ஒருவர். வேண்டுமென்றே துன்பம் தருவது, அதைத் திரும்பத் திரும்பச் செய்வது, துன்பப்படுபவரால் எதிர்த்து நிற்க முடியாதபடி இருவருக்கும் இடையே பலத்தில் வேறுபாடு இருப்பது ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் அது புல்லியிங் என்று அவர் வரையறுத்தார். பலம் என்றால் உடல் பலம் மட்டுமல்ல. கூட நிற்கும் நண்பர்களின் எண்ணிக்கையும், நன்றாகப் பேசும் வாயும், கையில் இருக்கும் போனும்கூடப் பலம்தான்.

ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவனைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். வாரத் தேர்வுத் தாள்களைத் திருத்திக் கொடுத்தவுடன் அவன் தன் தாளைப் பார்க்கவே மாட்டான். எட்டாம் வகுப்பில் மெலிந்த பையன் ஒருவன் இருந்தான். பேசும்போது லேசாகத் திக்கும். அவன் கையிலிருக்கும் தாளின் நுனியை இரண்டு விரல்களால் பிடித்து உருவி, எழுந்து நின்று, ஒவ்வொரு கேள்விக்கும் அவன் வாங்கிய மதிப்பெண்ணை இவன் உரக்க வாசிப்பான். பூஜ்யம் வரும் இடத்தில் மற்றவர்கள் சிரிப்பதற்காகக் கொஞ்சம் நிறுத்துவான். வாசித்து முடித்ததும் தாளை நான்காக மடித்து அந்தப் பையனின் சட்டைப் பையில் செருகி, தலையில் இரண்டு தட்டுத் தட்டி, "பொழச்சிக்குவ, போ" என்பான். நான் அதட்டினால் உட்கார்ந்துவிடுவான். ஆனால் பள்ளியிலும் இதையே செய்கிறான் என்று மற்றப் பிள்ளைகள் சொன்னார்கள்; அங்கே தாளோடு சாப்பாட்டு டப்பாவும் சேர்ந்துகொண்டது.

காலாண்டுத் தேர்வு முடிந்து மதிப்பெண் அட்டை வந்த வாரத்தில், வேறொரு வேலையாக அவர்களுடைய வாரியக் குடியிருப்புக்குப் போக நேர்ந்தது. மூன்றாம் மாடியின் பொது நடையில் அவன் அப்பா நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்து வீட்டார் இரண்டு மூன்று பேர் நின்றிருந்தார்கள். ஒரு பெண் தண்ணீர்க் குடத்தை இறக்கி வைத்துவிட்டு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். அட்டையின் நுனியை இரண்டு விரல்களால் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு பாடத்தின் மதிப்பெண்ணையும் அவர் உரக்க வாசித்தார். கணக்குக்கு வந்தபோது நிறுத்தி, நின்றிருந்தவர்களை ஒரு சுற்றுப் பார்த்தார். அவர்கள் சிரித்தார்கள். அட்டையை மடித்து மகனின் சட்டைப் பையில் செருகி, தலையில் இரண்டு தட்டுத் தட்டி, அதே சொற்களைச் சொன்னார். பையனும் சிரித்துக்கொண்டுதான் நின்றான்; அவன் காது மடல்கள் மட்டும் சிவந்திருந்தன.

அந்தத் தகப்பனைக் கெட்டவர் என்று சொல்ல எனக்கு மனம் வராது. கன்டெய்னர் லாரி ஓட்டுபவர், குடிப்பழக்கம் இல்லாதவர், மகன் படித்து ஒரு நல்ல வேலைக்குப் போய்விட வேண்டும் என்று உண்மையாகவே தவிப்பவர். பிறகு இது பற்றிப் பேசியபோது, "நான் புள்ள மேல கை வச்சதே இல்ல மிஸ், சும்மா ஓட்டுவேன், அவ்ளோதான், ரோஷம் வந்தாவது படிப்பான்னுதான்" என்றார். கை ஓங்காமல் வளர்ப்பதே தான் செய்யும் பெரிய காரியம் என்று அவர் நம்பினார். அவருடைய அப்பா அவரை பெல்ட்டால் அடித்தவராம். அந்த வகையில் அவர் ஒரு படி முன்னேறி வந்தவர்தான். ஆனால் ரோஷம் வந்த பிள்ளை அந்த ரோஷத்தைப் புத்தகத்தில் காட்டவில்லை. தன்னைவிட எளியவன் ஒருவனைத் தேடிப் பிடித்து அவனிடம் இறக்கி வைத்தது.

ஓல்வேயஸ் 1980இல் வெளியிட்ட ஓர் ஆய்வு, வளரிளம் பருவத்துச் சிறுவர்களிடம் காணப்படும் மூர்க்கத்துக்கும் அவர்களின் வீட்டுக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்தது. நான்கு காரணிகளை அது சுட்டியது: பிள்ளையிடம் தாய் காட்டும் வெறுப்பும் அன்பின்மையும், பிள்ளை பிறரிடம் மூர்க்கமாக நடக்கும்போது தடுக்காமல் விட்டுவிடுவது, பெற்றோர் அடித்தும் மிரட்டியும் அடக்குவது, பிள்ளையின் பிறவிச் சுபாவம். தாயை மட்டும் தனியே எடுத்துச் சொல்வதில் எனக்கு மனத்தாங்கல் உண்டு. அன்று பிள்ளை வளர்ப்பு முழுவதும் தாயின் பொறுப்பாகவே பார்க்கப்பட்டது. எங்கள் பகுதியிலோ பல பிள்ளைகளை ஆயாதான், அதாவது பாட்டிதான், வளர்க்கிறார். அம்மா காலையில் வேலைக்குப் போனால் இரவு எட்டு மணிக்குத்தான் வீடு திரும்புகிறார். ஆகவே தாய் என்ற இடத்தில், பிள்ளையைத் தினமும் பார்த்துக்கொள்ளும் பெரியவர் என்று நான் வைத்துக்கொள்கிறேன். அப்படி வைத்துப் பார்த்தால் நான் பார்த்தவற்றோடு அந்த ஆய்வு நன்றாகவே பொருந்துகிறது. குறிப்பாக, கண்டுகொள்ளாமல் விட்டுவிடுவதும் ஒரு காரணம் என்பதைப் பெற்றோர் எளிதில் ஏற்பதில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளையின் மண்டையில் மகன் குட்டிவிட்டு வந்தால் "எம்புள்ள கெத்து" என்று சொல்லும் வீடும், எடுத்ததற்கெல்லாம் அடிக்கும் வீடும் பள்ளிக்கு அனுப்புவது பல நேரங்களில் ஒரே மாதிரியான பிள்ளையைத்தான்.

பெண் பிள்ளைகளிடம் இது வேறு உருவத்தில் வரும். எட்டாம் வகுப்பில் படித்த ஒரு பெண், தன் வகுப்புத் தோழி ஒருத்தியோடு யாரும் பேசக் கூடாது என்று மற்றவர்களுக்கு உத்தரவு போட்டிருந்தாள். சிறு வயதில் டூ விட்டு மறுநாள் பழம் விடுவார்களே, அந்த மாதிரி இல்லை. வாரக்கணக்கில் நீடித்தது, வாட்ஸ்அப் குழுவிலிருந்து நீக்கினார்கள், அவள் வந்து உட்கார்ந்தால் பெஞ்சில் இருப்பவர்கள் நகர்ந்து உட்கார்ந்தார்கள். தண்டித்துக்கொண்டிருந்த பெண்ணிடம் காரணம் கேட்டேன். "அவளுக்கே தெரியும் மிஸ்" என்ற பதில் மட்டுமே வந்தது. அவள் வீட்டில் அம்மாவும் பெரியம்மாவும் ஒரே கூரையின் கீழ், ஒரே குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டு, நீண்ட காலமாகப் பேசிக்கொள்வதில்லை என்று பின்னர் தெரிந்தது. "உங்க பெரியம்மாகிட்ட சொல்லு, மோட்டரை நிறுத்தச் சொல்லி" என்று, ஐந்தடி தூரத்தில் நிற்பவருக்குச் செய்தி அனுப்பப்படுவது இவள் வழியாகத்தான். ஒரு மனிதரை அவர் எதிரிலேயே இல்லாதவராக ஆக்கிவிடலாம், அதற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை என்பதை அவள் தினந்தோறும் கற்றுக்கொண்டிருந்தாள். அடிதடி என்றால் ஆசிரியர் கண்ணில் படும். இந்த வகை கண்ணில் படாது. அதனாலேயே இது அதிக நாள் நீடிக்கிறது, பாதிக்கப்பட்ட பிள்ளையும் அதிகமாக உடைந்துபோகிறது.

அமெரிக்க உளவியலாளர் ஜெரால்டு பேட்டர்சன், குடும்பத்துக்குள் இது எப்படி உருவாகிறது என்பதை வீடுகளுக்கே ஆட்களை அனுப்பிக் கவனித்து எழுதினார். 1982இல் வெளிவந்த அவருடைய விளக்கத்தை எங்கள் வீடுகளுக்கு ஏற்பச் சொன்னால் இப்படி இருக்கும். போனைக் கீழே வை என்கிறார் அம்மா. மகன் கேட்கவில்லை. மறுபடி சொல்கிறார், மகன் கத்துகிறான். வேலைக்குப் போய்க் களைத்து வந்தவர், "எக்கேடோ கெட்டுப் போ" என்று விட்டுவிடுகிறார். கத்தினால் காரியம் நடக்கும் என்று மகனுக்குப் புரிகிறது. மறுநாள் அம்மா எடுத்த எடுப்பிலேயே கத்துகிறார் அல்லது அடிக்கிறார். மகன் போனை வைத்துவிடுகிறான். அடித்தால் காரியம் நடக்கும் என்று அம்மாவுக்கும் புரிகிறது. நாளாக ஆக இருவரின் குரலும் உயர்கிறது. வீட்டில் இருக்கும் எவருக்கும் இதமாகப் பேசி ஒரு காரியத்தைச் சாதித்த அனுபவமே இல்லாமல் போகிறது. அந்தப் பிள்ளை வகுப்பில் பேனா வேண்டுமென்றால் பறிக்கத்தான் செய்யும். கேட்டு வாங்குவதை அதற்கு யார் காட்டிக் கொடுத்தார்கள்?

காசிமேட்டுப் பிள்ளைகளிடம் ஒரு பருவ மாற்றத்தைக் கவனித்திருக்கிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. வருமானம் நின்றுபோன அந்தக் காலத்தின் கடைசி நாட்களில்தான் பள்ளியும் திறக்கும். நோட்டு, சீருடை, கட்டணம் எல்லாம் ஒன்றாக வந்து நிற்கும். அப்பா பகலெல்லாம் வீட்டில் இருப்பார், கடன்காரர் வாசலுக்கு வருவார், வாக்குவாதம் முற்றும். ஜூன் மாதத்தில் சில பிள்ளைகள் தொட்டால் வெடிக்கும் நிலையில் வருகிறார்கள். படகுகள் மறுபடி கடலுக்குப் போய்ச் சில வாரங்களில் அதே பிள்ளைகள் தணிந்துவிடுகிறார்கள். மேலே சொன்ன சிறுமைப்படுத்தலிலிருந்து இதைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று கருதுகிறேன். கஷ்டத்தால் வரும் எரிச்சல் கஷ்டம் நீங்கினால் போய்விடுகிறது. பழக்கமாகிவிட்ட அவமதிப்பு அப்படிப் போவதில்லை.

அண்ணன் தம்பிச் சண்டையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வீட்டுக்குள் உடன்பிறந்தவரால் தொடர்ந்து வதைக்கப்படும் பிள்ளைகள் பள்ளியிலும் வதையில் சிக்கும் வாய்ப்பு கூடுதல் என்று, இங்கிலாந்தில் உள்ள வாரிக் பல்கலைக்கழகத்தின் டீட்டர் வோல்க் போன்றோரின் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நம் வீடுகளில் இதை யாரும் பொருட்படுத்துவதில்லை. "அண்ணன்தானே அடிச்சான்" என்று சொல்லி அனுப்பிவிடுகிறோம்.

வதைபடும் பிள்ளையின் வீட்டைப் பற்றியும் பேசாமல் இருக்க முடியாது. அதே வோல்க்கும் அவர் குழுவினரும் 2013இல் 70 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். அவற்றில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் அடங்குவர். கடுமையாகவும் அன்பின்றியும் வளர்க்கப்படும் பிள்ளைகள் வதைபடுவதற்கும், வதைபட்டுக்கொண்டே பிறரை வதைப்பதற்கும் ஆளாகும் வாய்ப்பு அதிகம் என்று தெரிந்தது; இரண்டாவது வகையினரிடம் அந்தத் தொடர்பு இன்னும் வலுவாக இருந்தது. பொத்திப் பொத்தி வளர்க்கப்படும் பிள்ளைகளும் ஓரளவுக்கு அதிகமாக வதைபடுகிறார்கள் என்றும் அந்தத் தொகுப்பு சொல்கிறது. இதை வைத்துக்கொண்டு பாதிக்கப்பட்ட பிள்ளையின் பெற்றோரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிடக் கூடாது. வதைக்கு வதைப்பவரே பொறுப்பு. நான் கவலைப்படுவது வேறு ஒன்றைப் பற்றி: வீட்டில் சொல்ல முடியாத பிள்ளையின் வதைதான் நீண்டு போகிறது. மேலே சொன்ன திக்குவாய்ப் பையன் தன் வீட்டில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, "நீ இன்னா பண்ண, அத்த மொதல்ல சொல்லுன்னு கேப்பாங்க மிஸ்" என்றான். சில வீடுகளில் அந்தக் கேள்விக்குப் பதிலாக, "திருப்பி ரெண்டு குடுத்துட்டு வா" என்ற கட்டளை வரும். திருப்பி அடிக்கத் தெம்பில்லாத பிள்ளைக்கு அது வீட்டில் கிடைக்கும் இரண்டாவது அவமானம்.

வீட்டிலிருந்து பள்ளிக்குள் நுழையும் இன்னொன்றும் உண்டு. அதைத் தொட எல்லோரும் தயங்குகிறோம். இரவுச் சாப்பாட்டின்போது, யார் எந்தச் சாதி, யாருடைய அப்பா சாக்கடை அள்ளுகிறார், யார் வீட்டில் என்ன சமைக்கிறார்கள் என்று பெரியவர்கள் பேசுவதைப் பிள்ளைகள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். காலையில் அது பட்டப்பெயராகிறது. நிறத்தைச் சொல்லிப் பேத்தியைக் கூப்பிடும் ஆயாவின் செல்லப்பெயரும் அப்படியே வகுப்புக்குப் போய்ச் சேர்ந்து, அங்கே இன்னொரு பிள்ளையின் மேல் ஒட்டிக்கொள்கிறது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவரை, சாதி வன்மத்தால் உடன் படித்த மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையும் காயமடைந்தார். பள்ளியில் அவருக்கு நடந்துவந்த தொந்தரவு வெளியே தெரிந்த பிறகே அந்தத் தாக்குதல் நடந்தது. அதன்பின் தமிழக அரசு ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் ஒருநபர் குழு அமைத்தது; அறிக்கை 2024 ஜூனில் அரசிடம் அளிக்கப்பட்டது. கையில் கட்டும் வண்ணக் கயிறுகள் முதல் பள்ளிப் பெயர்களில் உள்ள சாதி அடையாளம் வரை அது பரிந்துரைகள் செய்தது. கயிற்றைப் பள்ளி அவிழ்க்கச் சொல்லலாம். சோற்றுத் தட்டின் முன் நடக்கும் பேச்சை நிறுத்த வீட்டாரால் மட்டுமே முடியும்.

சட்டம் பள்ளியின் வாசல் வரை வந்திருக்கிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவு, பள்ளியில் பிள்ளையை அடிப்பதையும் மனரீதியாகத் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. பெற்றோரும் பிள்ளையை அடிக்கக் கூடாது என்று ஸ்வீடன் 1979லேயே சட்டம் இயற்றியது. நம் நாட்டில் அப்படி ஒரு முழுத் தடை இல்லை. சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. அந்த லாரி ஓட்டுநரிடம் நான் கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்றுதான்: மதிப்பெண் அட்டையை வீட்டுக்குள் வைத்து, கதவைச் சாத்திக்கொண்டு, தாழ்ந்த குரலில் பேசுங்கள், திட்டுவதாக இருந்தாலும் அப்படியே திட்டுங்கள். முதலில் அவருக்கு இது சின்ன விஷயமாகப் பட்டது. ஆனால் செய்தார். அரையாண்டுத் தேர்வுக்குப் பிறகு பையன் மற்றவர் தாளை உருவி வாசிப்பது நின்றது. பட்டப்பெயர் வைப்பது நிற்கவில்லை. அதற்காக அவனோடு இன்னும் மல்லுக்கட்டிக்கொண்டுதான் இருக்கிறேன். பெரியம்மாவுக்குச் செய்தி சொல்ல அனுப்பப்பட்ட அந்தப் பெண்ணின் வீட்டில் எதுவும் மாறவில்லை. அவளை மட்டும் தனியாக அழைத்து நான் பேசிப் பேசிப் பார்த்ததில், வகுப்பில் போட்ட தடையை அவள் தளர்த்தினாள். தோழியோடு பழைய நெருக்கம் திரும்பவில்லை.

பாதிக்கப்பட்ட பிள்ளையின் பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. ஆத்திரத்தில் எதிர்வீட்டு வாசலுக்குப் போய்விடாதீர்கள். எங்கள் தெருக்களில் அது உடனே பெரியவர்களின் சண்டையாக மாறுகிறது; பிள்ளைகளின் பிரச்சினை அதில் காணாமல் போய், மறுநாள் பள்ளியில் இரட்டிப்பாகத் திரும்பி வருகிறது. என்ன நடந்தது, எத்தனை நாளாக நடக்கிறது, யார் கூட இருந்தார்கள் என்று பிள்ளையிடம் நிதானமாகக் கேட்டு, தேதியோடு ஒரு தாளில் எழுதி, வகுப்பாசிரியரிடம் கொடுத்து, ஒரு நகலை வைத்துக்கொள்ளுங்கள். பள்ளியில் 'மாணவர் மனசு' பெட்டி இருந்தால் பிள்ளையே அதில் எழுதிப் போடலாம். 14417 என்ற பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண்ணும், 1098 என்ற சிறார் உதவி எண்ணும் இருக்கின்றன. இரண்டுக்கும் பிள்ளைகளே நேரடியாகப் பேசலாம்.

நார்வேயில் 1982ஆம் ஆண்டின் இறுதியில் மூன்று சிறுவர்கள் தற்கொலை செய்துகொண்டார்கள். சக மாணவர்களின் கடும் வதையே காரணமாக இருக்கக்கூடும் என்று கருதப்பட்டது. மறு ஆண்டே அந்த நாட்டு அரசு எல்லாப் பள்ளிகளிலும் ஓர் இயக்கத்தைத் தொடங்கியது. ஆசிரியர்களுக்குக் கையேடு, மாணவர்களிடம் கேள்விப் பட்டியல் ஆகியவற்றோடு, பள்ளிப் பிள்ளைகள் உள்ள எல்லா வீடுகளுக்கும் பெற்றோருக்கான நான்கு பக்கத் துண்டறிக்கை ஒன்று பள்ளிகள் வழியாகப் போய்ச் சேர்ந்தது. வதைக்கும் பிள்ளையின் பெற்றோர், வதைபடும் பிள்ளையின் பெற்றோர், இரண்டிலும் சேராத பிள்ளையின் பெற்றோர் ஆகிய மூவருக்குமான அறிவுரை அதில் இருந்தது. அந்த மூன்றாவது தரப்பை யோசித்து எழுதியதுதான் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. மாடி நடையில் நின்று சிரித்த பக்கத்து வீட்டாருக்கும், பெஞ்சில் நகர்ந்து உட்கார்ந்த பிள்ளைகளின் வீட்டாருக்கும் அது பொருந்தும்.

ஜூன் மாதத்தில் புத்தகம் வழங்கும் அன்று, அப்படி ஒரு தாளை நம் பள்ளிகளும் ஒவ்வொரு வீட்டுக்கும் கொடுத்தனுப்பலாம். அலுவலக நடையில் இல்லாமல், ஆயாவுக்கும் படித்துக் காட்டக்கூடிய தமிழில் அது இருக்க வேண்டும். என்னிடம் படிக்கும் பிள்ளைகளின் தாய்மார்களில் இருவர் அரசுப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் உறுப்பினர்கள். அடுத்த கூட்டத்தில் இதை எழுப்புவதாக இருவரும் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்; தாளுக்கான வாசகத்தை எழுதித் தரும் பொறுப்பை நான் ஏற்றிருக்கிறேன்.